அம்புக்குறியை எங்கே கைவிடலாம்?

என்சிஇஆர்டியின் 9ஆம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் (2006இல் வந்தது) 6ஆவது பாடம் கோடுகளும் கோணங்களும். அதன் தொடக்கத்தில் ஒரு சின்னப் பத்தி வருகிறது. இரண்டு முனையும் உள்ளது கோட்டுத்துண்டு, அதைக் குறிக்க இரண்டு எழுத்துகளின் தலைமேல் ஒரு சின்னக் கோடு. ஒரு முனை மட்டும் உள்ளது கதிர், அதற்குத் தலைமேல் ஒரு பக்க அம்பு. முனையே இல்லாதது கோடு, அதற்கு இரு பக்க அம்பு. தலையில் ஒன்றும் போடாமல் எழுதினால் அது நீளம், அதாவது ஒரு எண். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கையோடு இன்னொன்றும் சொல்கிறார்கள்: இந்தக் குறியீடுகளை நாம் பயன்படுத்தப் போவதில்லை. துண்டு, கதிர், கோடு, நீளம் நான்கையும் வெறும் இரண்டெழுத்தாலேயே எழுதுவோம், எதைச் சொல்கிறோம் என்பது இடத்தைப் பார்த்தால் விளங்கிவிடும்.

குறியீட்டைக் கைவிட்டதில் எனக்குப் புகார் இல்லை. கைவிட்ட இடம்தான் உறுத்துகிறது.

ஏன்னா இதே வரிசையில் வந்த பழைய 6ஆம் வகுப்புப் புத்தகத்தைப் பாருங்க. அங்கே கோடு, கதிர், துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படம், குறியீடு, பயிற்சி. நான்கு புள்ளிகள் உள்ள ஒரு கோட்டை இரண்டிரண்டு எழுத்தாக எத்தனை விதமாக அழைக்கலாம் என்று ஒரு கணக்கு. விடை 12. நல்ல கணக்குதான். ஆனால் 6ஆம் வகுப்பில் நிரூபணம் என்று எதுவும் கிடையாது. கதிரைக் கோடு என்று எழுதினாலும் அங்கே எதுவும் இடிந்து விழாது. 9ஆம் வகுப்பில்தான் நிரூபணம் ஆரம்பிக்கிறது. 5ஆவது பாடம் யூக்ளிட், கடைசியில் நிரூபணம் பற்றியே ஒரு பின்னிணைப்பு. இடிந்து விழக்கூடிய கட்டடம் கட்டத் தொடங்கும் வகுப்பு அது. அந்த வாசலில் நின்று, "இனி அந்தக் குறி வேண்டாம்" என்கிறார்கள். வெயில் காலம் முழுக்கக் குடையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மழை பெய்யும்போது வாங்கி உள்ளே வைப்பது மாதிரி.

மேலே போவதற்கு முன் ஒரு ஏற்பாடு. இந்தப் பதிவில் புள்ளிகளுக்கு க, ச, ட, த, ப, ம என்று பெயர் வைக்கிறேன். தமிழ் எழுத்தை வைத்தால் ஒரு சங்கடம் உண்டு. ஆங்கில எழுத்து இரண்டைச் சேர்த்தால் அது எழுத்துக் கூட்டமாகவே நிற்கும். நம்ம எழுத்து இரண்டைச் சேர்த்தால் சொல்லாகிவிடும். கீழே 'மட' என்று ஒரு கோட்டுத்துண்டு வரப்போகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

கிரேக்கர்களுக்கு அம்புக்குறி கிடையாது. ஆனால் அவர்களிடம் வேறொன்று இருந்தது: பால். கிரேக்க மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு, பாலுக்கு ஏற்ப மாறும். ஆண்பாலுக்கு 'ஹோ', பெண்பாலுக்கு 'ஹே', இரண்டும் இல்லாததற்கு 'தோ'. நேர்கோடு அவர்களுக்குப் பெண்பால். வட்டம் ஆண்பால். புள்ளியும் முக்கோணமும் மூன்றாவது பால். அதனால் யூக்ளிட் 'ஹே' போட்டு இரண்டெழுத்து எழுதினால் அது கோடு. 'ஹோ' போட்டு மூன்றெழுத்து எழுதினால் வட்டம். கோணமும் பெண்பால்தான், ஆனால் அதற்கு 'ஹே ஹுபோ' என்று ஓர் இடைச்சொல் கூடவே வந்துவிடும். ஒரு கோட்டின் மேல் வரைந்த சதுரத்துக்கு 'தோ அபோ'. எழுத்துகளுக்கு முன்னால் நிற்கும் இந்தக் குட்டிச் சொற்கள்தான் இன்ன வகைப் பொருள் என்று சொல்லிவிடுகின்றன. எங்க தொழிலில் இதை டைப் அனோட்டேஷன் என்போம். யூக்ளிடுக்கு அது இலக்கணத்திலேயே இலவசமாகக் கிடைத்தது.

மொழி மாறும்போது இது தொலைந்தது. ஆங்கிலத்துக்குப் பால் இல்லை. தமிழிலும் அஃறிணைக்குள் அப்படி ஒரு பிரிவு இல்லை. கோடும் வட்டமும் கோணமும் நமக்கு எல்லாமே 'அது'.

எழுத்துகள் மட்டும் பயணம் போய்க்கொண்டே இருந்தன. கிரேக்கத்தின் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா அரபியில் அலிஃப், பா, ஜீம், தால் ஆயின. அரபியிலிருந்து லத்தீனுக்குப் போன நூல்களின் படங்களில் ஏ, பி-க்கு அடுத்து சி வராமல் ஜி வரும். காமா, ஜீம் இருந்த இடம் அது. அதே அரபி வரிசை நம் ஊருக்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெய்ப்பூரை நிறுவிய ஜெய்சிங்குக்காக ஜகந்நாத சாம்ராட் யூக்ளிடைச் சமஸ்கிருதத்தில் 'ரேகாகணித' என்று கொடுத்தார், நசீருத்தீன் அல்-தூசியின் அரபி நூலிலிருந்து. அதில் முக்கோணத்தின் பெயர் அ, க, ச என்று சமஸ்கிருத நெடுங்கணக்கு வரிசையில் போகாது. அ, ப, ஜ என்று அரபி வரிசையில் போகும். சமஸ்கிருத நூலைத் திறந்து பார்த்தால் படத்துக்குள்ளே அலிஃப், பா, ஜீம் உட்கார்ந்திருக்கிறது!

அதற்கு முந்தைய இந்தியக் கணிதத்தில் புள்ளிக்கு எழுத்துப் பெயர் வைப்பது வழக்கமே இல்லை. சுல்ப சூத்திரங்களில் வேள்வி மேடையின் கிழக்கு மூலைகள் தோள்கள், மேற்கு மூலைகள் இடுப்புகள். பிற்காலக் கணித நூல்களில் செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் புஜம், கோடி, கர்ணம். நாற்கரத்துக்கு நிலம், முகம், லம்பம். (கர்ணம் இன்னும் தமிழ்நாட்டுப் பாடநூலில் உயிரோடு இருக்கிறது. இலங்கையில் அதைச் செம்பக்கம் என்கிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.) இந்தப் பெயர்களுக்குள்ளேயே அந்தப் பொருளின் வேலை இருக்கிறது. கர்ணம் என்றால் படம் இல்லாமலே எந்தப் பக்கம் என்று தெரியும். 'கச' என்றால் தெரியாது. எழுத்துப் பெயருக்கு இருக்கும் லாபம், அதை எந்தப் புள்ளிக்கும் ஒட்டலாம், பத்துப் புள்ளி இருந்தாலும் சமாளிக்கலாம் என்பது. நஷ்டம், அது தன்னளவில் எதையும் சொல்லாது என்பது. சொல்லவேண்டியதை வேறு யாராவது சொல்லவேண்டும். யூக்ளிடிடம் இலக்கணம் சொன்னது.

யூக்ளிடுக்குக் கோடு, கதிர், துண்டு என்று மூன்று தனிச் சொற்கள் கிடையாது. மூன்றுக்கும் ஒரே சொல், நேர்கோடு. பெரும்பாலும் அவர் மனசில் இருப்பது துண்டுதான். தேவைப்பட்டால் நீட்டிக்கொள்ளலாம் என்று இரண்டாவது எடுகோளில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் முதல் புத்தகத்தில் மூன்று இடங்களைப் பாருங்க. 1ஆம் கூற்றில் சமபக்க முக்கோணம் வரையவேண்டும், அங்கே கொடுக்கப்பட்ட கோடு 'முடிவுள்ள' நேர்கோடு என்று வெளிப்படையாகச் சொல்கிறார். 12ஆம் கூற்றில், வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்து இறக்கவேண்டும், அங்கே 'முடிவில்லாத' நேர்கோடு. 22ஆம் கூற்றில், ஒரு முனையில் முடிவதும் மறுபக்கம் முடிவில்லாமல் போவதுமான ஒரு கோட்டை எடுத்துக்கொள்கிறார். அது நம்ம கதிரேதான்.

இதில் 12ஆம் கூற்றை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். அதற்கு முந்தைய 11ஆம் கூற்றும் செங்குத்து பற்றியதுதான். ஆனால் அங்கே புள்ளி கோட்டின் மேலேயே இருக்கிறது, அதனால் 'முடிவில்லாத' என்ற சொல் இல்லை. 12இல் புள்ளி வெளியே இருக்கிறது. மேலிருந்து இறக்கும் செங்குத்து துண்டின் மேல்தான் விழும் என்று உத்தரவாதம் கிடையாது, தாண்டியும் விழலாம். அதனால்தான் அங்கே அந்த அடைமொழி. வேறு எங்கெங்கோ சும்மா 'நேர்கோடு' என்று எழுதிக்கொண்டு போகிற மனிதர், சரியாகச் சறுக்கும் இடத்தில் மட்டும் வகையைச் சொல்கிறார். என்சிஇஆர்டி செய்ததற்கு நேர் எதிர்.

அந்தச் சறுக்கல் எவ்வளவு மோசமானது என்று காட்ட ஒரு பழைய வேடிக்கை நிரூபணம் இருக்கிறது. எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே என்று 'நிரூபிக்கும்' இதை ரவுஸ் பாலின் கணிதப் பொழுதுபோக்கு நூலில் பார்க்கலாம், ஃபெலிக்ஸ் கிளைனும் இதைப் பேசியிருக்கிறார். பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கோங்க.

முக்கோணம் கசட. உச்சி க. அந்தக் கோணத்தை இரண்டாக வெட்டும் இருசமவெட்டியை வரையுங்க. அடிப்பக்கம் சட-வின் மையக்குத்துக்கோட்டையும் வரையுங்க. இரண்டும் முக்கோணத்துக்குள் சந்திக்கும் புள்ளி த என்று வைத்துக்கொள்வோம். த-விலிருந்து கச-வுக்கு ஒரு செங்குத்து, அதன் அடி ப. கட-வுக்கு ஒரு செங்குத்து, அதன் அடி ம. த கோண இருசமவெட்டியின் மேல் இருப்பதால் தப, தம சமம்; கப, கம-வும் சமம். த மையக்குத்துக்கோட்டின் மேல் இருப்பதால் தச, தட சமம். அப்போ தபச, தமட என்ற இரண்டு செங்கோண முக்கோணங்களில் கர்ணம் சமம், ஒரு பக்கம் சமம். அவை சர்வசமம். எனவே பச-வும் மட-வும் சமம். இப்போ கூட்டுங்க. கப கூட்டல் பச என்றால் கச. கம கூட்டல் மட என்றால் கட. சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டியிருக்கிறோம். ஆக கச = கட. எந்த முக்கோணத்தை எடுத்தாலும்!

ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தாலும் சர்வசமத்தில் குறை இல்லை. ஓட்டை இரண்டு இடத்தில். த முக்கோணத்துக்குள் இருக்காது. அது சுற்றுவட்டத்தின் மேல், அடிப்பக்கத்துக்கு அந்தப் புறம் விழும். சரி, அப்படியே வெளியே போட்டு வரைந்தாலும் நிரூபணம் தப்பிக்கப் பார்க்கும்: இரண்டு செங்குத்துகளும் வெளியே விழுந்தால் கூட்டலுக்குப் பதில் கழித்தல், மறுபடி கச = கட. உண்மையான ஓட்டை ப, ம இருக்கும் இடத்தில். கச 6 செ.மீ., கட 8 செ.மீ. என்று வையுங்க. அப்போ கப-வும் கம-வும் 7 செ.மீ. வரும், இரண்டின் சராசரி. கட 8 நீளம், அதனால் ம அதன் மேலேயே, முனைக்கு 1 செ.மீ. முன்னால் விழுகிறது. கச 6தான் நீளம். ப அதைத் தாண்டி 1 செ.மீ. வெளியே போய் விழுகிறது. ஒரு பக்கம் 7+1, இன்னொரு பக்கம் 7−1. நிரூபணம் இரண்டு பக்கமும் கூட்டியது.

இப்போ அந்த வரிக்குத் திரும்பிப் போங்க: "த-விலிருந்து கச-வுக்கு ஒரு செங்குத்து." எந்த கச? கோட்டுத்துண்டு கச-வுக்கு என்றால் அப்படி ஒரு அடிப்புள்ளி துண்டின் மேல் இல்லவே இல்லை. கோடு கச-வுக்கு என்றால் இருக்கிறது, ஆனால் கப + பச = கச என்று எழுத எந்த உரிமையும் இல்லை, ஏன்னா ப நடுவில் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. இரண்டு விதமாகப் படித்தாலும் நிரூபணம் நிற்கிறது. இரண்டெழுத்தை ஒரு வரியில் கோடாகவும் அடுத்த வரியில் துண்டாகவும் மூன்றாவது வரியில் நீளமாகவும் படித்தால் மட்டும் அது நிற்காமல் ஓடுகிறது. "இடத்தைப் பார்த்தால் விளங்கிவிடும்" என்ற ஏற்பாடு அனுமதிக்கும் படிப்பு துல்லியமாக அதுதான்.

ஜியோஜீப்ராவில் இதைக் கட்டிப் பார்த்தேன். அந்த மென்பொருளில் இரண்டு புள்ளியை மட்டும் கொடுத்து எதையும் வரைய முடியாது. துண்டா, கதிரா, கோடா என்று கட்டளையிலேயே சொல்லணும். கச-வைத் துண்டாக வரைந்து, த-விலிருந்து செங்குத்துக்கோடு போட்டு, இரண்டும் வெட்டும் புள்ளியைக் கேட்டால், வரையறுக்கப்படாதது என்று பதில் வருகிறது. புள்ளி ப இல்லை. நிரூபணம் மூன்றாவது படியில் செத்தது. கோடாக மாற்றிக் கேட்டால் ப வருகிறது, ச-வைத் தாண்டி, கண்ணெதிரே. கம்பைலர் பிழை பார்த்துப் பழகினவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

கணிதக்காரர்களும் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தார்கள். 'இது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது' என்பதை யூக்ளிட் படத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார், எடுகோளாக வைக்கவில்லை. மொரிட்ஸ் பாஷ் 1882இல்தான் இந்த 'நடுவில்' என்பதற்கு விதிகள் எழுதினார். ஹில்பர்ட் 1899இல் அதைத் தன் வடிவியல் அடிப்படைகளில் ஒரு தனித் தொகுதியாக வைத்தார். துண்டு என்றால் என்ன? இரண்டு முனைகளும், அவற்றுக்கு நடுவில் உள்ள புள்ளிகளும். 'நடுவில்' இல்லாமல் துண்டுக்கு வரையறையே கிடையாது, கதிருக்கும் கிடையாது. பிறகு அமெரிக்காவில் ஜார்ஜ் பிர்க்காஃப் 1932இல் அளவுகோலையும் பாகைமானியையும் எடுகோளாக்கி, உண்மை எண்களை வடிவியலுக்குள் கொண்டுவந்தார். அப்புறம் ஸ்புட்னிக், 1958இல் எஸ்எம்எஸ்ஜி என்ற பள்ளிக் கணிதக் குழு. அவர்களுடைய வடிவியல் புத்தகம் பிர்க்காஃப் வழியில் போனது. எண்ணும் துண்டும் ஒன்றில்லை என்று ஆனபிறகு இரண்டையும் வேறு வேறாக எழுதவேண்டியிருந்தது. தலைமேல் கோடு, தலைமேல் அம்பு, வெறும் எழுத்து என்ற பிரிவினை பள்ளிக்கூடத்துக்கு அப்படி வந்து சேர்ந்தது. ஆக நம்ம 6ஆம் வகுப்புப் பிள்ளை போடும் அந்தச் சின்ன அம்பு, பாஷ் அடைத்த ஓட்டையின் மிச்சம். அது எதற்கு என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லும் வயது வரும்போது அம்பு இருப்பதில்லை.

நோட்டேஷனைக் குறை சொல்லவும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்பு ரொம்பவே வேலை பார்க்கும் ஒரு குறி. எழுத்தின் தலைமேல் இருந்தால் 6ஆம் வகுப்பில் கதிர், முடிவில்லாதது. அதே இரண்டெழுத்து, அதே அம்பு, 12ஆம் வகுப்பில் வெக்டர், முடிவுள்ளது! படத்தில் கோட்டின் முனையில் அம்பு இருந்தால் இன்னும் போகிறது என்று அர்த்தம், கோட்டின் நடுவில் இருந்தால் இணை என்று அர்த்தம். சமக்குறி தப்பித்தது ஒரு வேடிக்கை. ராபர்ட் ரெக்கார்ட் 1557இல் சமம் என்பதற்கு இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தார், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். படுத்த இணைகோடுகள் சமத்துக்குப் போய்விட்டதால், இணை என்பதற்கு நாம் கோடுகளை நிமிர்த்தி வைத்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், உறவுக்காரப் பெண் ஒருத்தியின் விடைத்தாளை ஒருநாள் பார்க்க நேர்ந்தது. ஒரு கேள்வியில் படத்திலிருந்து கோட்டுத்துண்டுகளைப் பெயரிடச் சொல்லியிருந்தார்கள். 'கோட்டுத்துண்டு' என்று முழுச் சொல்லும் எழுதி, பக்கத்தில் இரண்டெழுத்தும் எழுதியிருந்தாள். தலைமேல் கோடு போடவில்லை. அரை மதிப்பெண் போச்சு. அதே தாளில் கீழே ஒரு சர்வசமக் கணக்கு. முக்கோணங்கள் இரண்டும் சர்வசமம், காரணமும் சரி, ஆனால் எழுத்துகளின் வரிசை மாறியிருந்தது. கர்ணத்துக்கு நேரே ஒரு சின்னப் பக்கம் வந்து நின்றது. முழு மதிப்பெண்.

திருத்தியவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை, ஒரு கட்டுத் தாளோடு உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிவது தலையில் இருக்கும் கோடுதான். ஆனால் எது தகவல், எது அலங்காரம் என்பது இங்கே தலைகீழாகிவிட்டது. 'கோட்டுத்துண்டு' என்ற சொல் இருக்கும்போது தலைமேல் கோடு சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. யூக்ளிடின் 'ஹே' செய்ததை அந்தச் சொல் செய்துவிட்டது. முக்கோணத்தின் வரிசை அப்படி இல்லை. கசட என்ற முக்கோணம் பமத-வுக்குச் சர்வசமம் என்று ஒழுங்காக எழுதியிருந்தால், படத்தையே பார்க்காமல் கச = பம, சட = மத, ச கோணமும் ம கோணமும் சமம் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். ஆறு சமன்பாடு ஒரே வரியில் அடங்கியிருக்கிறது. இரண்டாவது முக்கோணத்தை 6 விதமாக எழுத முடியும். மூன்று பக்கமும் வேறு வேறு நீளம் என்றால் அந்த 6இல் ஒன்றுதான் உண்மை. மிச்சம் 5 பொய். இதை 9ஆம் வகுப்புப் புத்தகத்தின் 7ஆவது பாடம் நன்றாகவே வலியுறுத்துகிறது, அதற்கு ஒரு பாராட்டு.

நாற்கரத்திலும் இப்படித்தான். நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். சுற்றிவரும் வரிசையில் உள்ளவை 8 மட்டும். மற்ற 16இல் மூலைவிட்டம் பக்கமாகிவிடும். திரையில் பாலிகன் வரைந்து பழகியவர்களுக்குத் தெரியும், புள்ளிகளை வரிசை மாற்றிக் கொடுத்தால் சதுரத்துக்குப் பதில் ஒரு முடிச்சுப் போட்ட ரிப்பன் வந்து நிற்கும். கோணத்தில் நடு எழுத்து உச்சி என்பதும் அதே ரகம். சகட என்றாலும் டகச என்றாலும் ஒன்று, கசட என்றால் வேறு. யூக்ளிட் நாற்கரங்களை எதிரெதிர் மூலை எழுத்து இரண்டால் மட்டுமே கூப்பிடுவதும் உண்டு. பிதாகரஸ் தேற்றத்தில் பெரிய சதுரத்துக்கு நான்கெழுத்து, சின்னச் சதுரங்கள் இரண்டுக்கும் இரண்டிரண்டு எழுத்து. படம் பக்கத்தில் இருக்கிறது, போதும் என்ற தைரியம். கோடு என்று நினைத்துக் குழம்பவும் வாய்ப்பில்லை, முன்னால்தான் சுட்டு இருக்கிறதே.

வரைவது பற்றியும் ஒரு வார்த்தை. யூக்ளிடின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் உள்ள படங்கள் நம்ம கண்ணுக்கு விசித்திரமாக இருக்கும். பொதுவான முக்கோணம் என்று பாடம் சொல்லும், படத்தில் அழகான இருசமபக்க முக்கோணம் இருக்கும். எந்த இணைகரமும் என்று சொல்லும், படத்தில் செவ்வகம். ஜப்பானிய ஆய்வாளர் கென் சைட்டோ இந்தப் படங்களைத் தேடித்தேடி ஒப்பிட்டவர். அச்சில் நாம் பார்க்கும் சரியான படங்கள் பிற்காலப் பதிப்பாளர்கள் திருத்தியவை. பழைய வாசகர் படத்தை அளந்து பார்க்கமாட்டார், எது எதோடு சேர்கிறது என்பதற்கு மட்டும் பார்ப்பார். நாம் அப்படிப் பார்ப்பதில்லை. கண் சொன்னதை நம்பிவிடுகிறோம். மேலே சொன்ன வேடிக்கை நிரூபணத்தைக் கையால் வரைந்து காட்டுபவர்கள் முக்கோணத்தை ஏறக்குறைய இருசமபக்கமாகவே வரைவார்கள், கவனித்திருக்கிறீர்களா? அப்போதான் த எங்கே விழுகிறது என்பது மங்கலாக இருக்கும். அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, கேள்வியில் சமம் என்று இல்லாவிட்டால் பக்கங்களை நன்றாகவே வேறுபடுத்தி வரை. செங்கோணம் என்று சொல்லியிருந்தால் மட்டும் மூலையில் குட்டிச் சதுரம் போடு. சமம் என்று தெரிந்த பக்கங்களுக்கு மட்டும் சிறு வெட்டுக்கோடு போடு. கண்ணுக்குச் சமமாகத் தெரிகிறதே என்று போடாதே.

என்சிஇஆர்டி பத்திக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்வதையும் யோசித்தேன். ஒவ்வொரு வரியிலும் அம்பு போட்டால் பிள்ளை கணக்கை விட்டுவிட்டு அம்பைக் கவனிக்கும், அது உண்மை. புத்தகமும் முக்கியமான இடங்களில் 'கதிர்', 'கோடு' என்று சொல்லால் சொல்லிக்கொண்டுதான் போகிறது, அதுவும் உண்மை. அப்படின்னா பத்தியில் எழுதியிருக்கவேண்டியது அதைத்தான். தலைமேல் குறி வேண்டாம், சரி. ஆனால் ஒரு செங்குத்து இறக்கும்போதும், ஒரு பக்கத்தை நீட்டும்போதும், இரண்டு நீளத்தைக் கூட்டும்போதும், எது என்று சொல்லால் எழுது. மூன்றே இடம். 'இடத்தைப் பார்த்தால் விளங்கும்' என்று சொல்லி முடிக்காமல், எந்த இடத்தில் விளங்காது என்று ஓர் உதாரணம் காட்டியிருந்தால், அதே அரைப் பக்கத்தில் நிரூபணம் என்றால் என்ன என்பதும் விளங்கியிருக்கும். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம். துண்டு, கதிர், கோடு மூன்றும் சின்னச் சொற்கள், பேசும்போதே வாயில் வருபவை. அம்புக்குறியை வாயால் சொல்லமுடியாது, 'துண்டு' என்று சொல்லமுடியும்.

ஜியோஜீப்ராவில் நீங்களே செய்து பார்க்க: கச 6, கட 8, சட 5. முதலில் எல்லாவற்றையும் துண்டாக வரையுங்க, ப கிடைக்காது. பிறகு கச-வையும் கட-வையும் கோடாக மாற்றுங்க. அதற்கப்புறம் கச-வின் நீளத்தை மெதுவாக 6இலிருந்து 8 வரை இழுத்துக்கொண்டே போங்க. ப, ச-வை நெருங்கி வரும், ம-வும் ட-வை நெருங்கி வரும். 8ஐ நெருங்க நெருங்க நான்கும் இரண்டாகிவிடப் பார்க்கும்; சரியாக 8இல் இருசமவெட்டியும் மையக்குத்துக்கோடும் ஒன்றாகிவிடுவதால் த-வே கிடைக்காது. 8ஐத் தாண்டியதும் வெளியே இருந்தது உள்ளே வரும், உள்ளே இருந்தது வெளியே போகும்.